கூடிப்போன ஆயில்

எங்கள் வீட்டில் கார் ஓட்டியது என் மனைவி. நான் இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவன். இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. அப்போது இருந்தது.

அவள் நர்ஸ். சித்தேரிப் பக்கம் மலைமேல் ஒரு சுகாதார நிலையத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். எனக்குத் தருமபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. இரண்டு பேருக்கும் தோதாக அரூரில் குடியிருந்தோம். காலை எட்டு மணிக்கு நான் தருமபுரி பஸ்ஸைப் பிடிக்க நடப்பேன். அவள் மலைக்குக் கிளம்புவாள். பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் பால் காய்ச்சுவது என்று ஒரு பழக்கம். பெரும்பாலும் நான்தான் முதலில் வருவேன்.

மலைக்கு பஸ் உண்டு. ஆனால் நடை குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு அரை நாள் காத்திருக்க வேண்டும். பிரசவ வலியோடு ஒரு பெண் வந்துவிட்டால் கடைசி பஸ் போய்விடுமே என்று எழுந்து வர முடியுமா? இரண்டு மூன்று தடவை அங்கேயே தங்கும்படி ஆனபிறகு ஒரு பழைய கார் வாங்கினாள். பெட்ரோல் வண்டி, சாம்பல் நிறம், சின்னது. ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரே மாதத்தில் தனியாக மலையேறிவிட்டாள். "நீங்களும் கத்துக்கங்க" என்று எத்தனையோ தடவை சொன்னாள். எனக்குப் பயம். பயம் என்று சொல்லாமல், "வூட்டுக்கு ஒரு டிரைவர் போதாதா?" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வாசலில் நின்று பானட்டைத் திறப்பாள். பழைய சேலையில் கிழித்த துணி ஒன்று கையில் இருக்கும். உள்ளேயிருந்து ஒரு நீளக் கம்பியை உருவித் துடைத்து, திரும்பச் செருகி, மறுபடியும் உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

"ஏங்க, ஒரு நிமிஷம் வந்து இதப் பாருங்களேன். கண்ணாடி போட்டும் எனக்கு இந்தக் கோடு சரியாத் தெரிய மாட்டேங்குது."

"எனக்கு என்ன தெரியும் அதுல? நீயே பாரு."

கோபமாகச் சொன்னதில்லை. எழுந்து போகச் சோம்பல். அதோடு, எதிர்வீட்டுக்காரர் ஒருநாள், "சார் வூட்ல டிரைவர், மெக்கானிக் எல்லாமே மேடம்தான்" என்று சிரித்ததும் மனதில் இருந்தது. அன்றைக்கு அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

ஒரு மாசி மாதத்து விடுமுறை நாளில், மத்தியானச் சமையலின்போது, அடுப்படியில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பக்கத்துக் கையைத் தூக்க முடியவில்லை. பேச்சு குழறியது. நர்ஸ் அல்லவா, என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசல் பக்கம் கையைக் காட்டினாள். கார் சாவி ஆணியில் தொங்கியது. நான் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். பிறகு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அது சீக்கிரமாகத்தான் வந்தது. தருமபுரி மருத்துவக் கல்லூரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூளையில் ரத்தக் கசிவு. முன்னதாகக் கொண்டுவந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் ஒருவர் என்னிடம் பொறுமையாக விளக்கினார். அதை நம்புகிறேன். ஆனாலும் சாவியோடு நின்ற அந்தச் சில நிமிஷங்கள் எனக்குள் இன்னும் முடியவில்லை.

காரிமங்கலம் பக்கத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கிளம்பினார்கள். கூட வந்து இருக்கச் சொன்னார்கள். வேலையைக் காரணம் காட்டி மறுத்துவிட்டேன். அதன்பிறகு வீட்டில் என் சத்தம் மட்டும்தான். தட்டைக் கழுவி வைக்கும்போது அது கல்லில் படுகிற ஓசைகூடப் பெரிதாகக் கேட்டது. பேச ஆளில்லாமல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பினால் திங்கட்கிழமை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது தொண்டை கட்டியிருக்கும்.

அவளுடைய போனை நான் அணைக்கவில்லை. மாதாமாதம் ரீசார்ஜ் செய்தேன். முதல் இரண்டு மாதம் அதற்கு மலையிலிருந்து அழைப்பு வந்துகொண்டிருந்தது. "நர்சம்மாங்களா? புள்ளைக்கு ஊசி போட்ட எடம் வீங்கியிருக்குதுங்க" என்பார்கள். ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொல்வேன். சிலர் அழுவார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவார்கள். பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது போல. அழைப்புகள் நின்றன. அழைப்பு வந்த நாட்களைவிட நின்ற நாட்கள் கஷ்டமாக இருந்தன.

கார் வாசலில் தூசி படிந்து நின்றது. பக்கத்து வீட்டுப் பூனை அதன்மேல் படுத்துக்கொள்ளும். ஆடி மாதம் ஒருநாள் எதற்கென்று சரியாகச் சொல்லத் தெரியாமலே டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள். நான் மட்டும் ஐம்பத்தாறு வயது. கிளட்ச், பிரேக், ரிவர்ஸ், எட்டுப் போடுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பானட்டைத் திறந்து காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. லைசென்ஸ் வந்தது. ஒரு பேட்டரிக் கடைக்காரர் வந்து புது பேட்டரி மாட்டிவிட்டுப் போனார். கார் கிளம்பியது. ஊருக்குள் மெதுவாக ஓட்டிப் பழகினேன். கடைக்குப் போய் அரை கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு காரில் திரும்பி வருவேன். நடந்தால் ஐந்து நிமிஷம்.

கார்த்திகையில் மலைமேலிருந்து ஒரு அழைப்பு. அவள் இடத்துக்கு வந்திருந்த புது நர்ஸ் பேசினார்.

"சார், சிஸ்டரோட பீரோ ஒண்ணு இங்க பூட்டியே இருக்குதுங்க. அவங்க சாமான் உள்ள இருக்கும்னு நாங்க தொறக்கல. நீங்க வந்து எடுத்துக்கிட்டீங்கன்னா நல்லாருக்குங்க. அவசரம் இல்லீங்க சார்."

ஒன்பது மாதமாக அந்தப் பீரோவை அவர்கள் திறக்காமல் வைத்திருந்தது என்னை என்னவோ செய்தது. வருகிறேன் என்றேன். அடுத்த இரண்டாம் சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் போயிருக்கலாம். அவள் தினமும் ஓட்டிய பாதையில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. மலையில் அவளுடைய சிம்மில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும் என்று அடிக்கடி சொல்வாள். அதனால் அவள் போனையும் பையில் போட்டுக்கொண்டேன்.

அடிவாரம் வரைக்கும் ஒன்றும் பிரச்சினை இல்லை. ஏற ஆரம்பித்து மூன்றாவது வளைவோ நான்காவது வளைவோ, ஸ்டீரிங்கை ஒடித்துத் திருப்பும்போது ஸ்டீரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு மின்னி அணைந்தது. எண்ணெய் ஊற்றும் சின்னக் கெண்டி மாதிரி ஒரு படம். அடுத்த வளைவில் மறுபடியும் மின்னியது. அதற்கடுத்த வளைவில் கொஞ்ச நேரம் அணையாமல் எரிந்தது. சிவப்பு விளக்கு வந்தால் உடனே நிறுத்து என்று டிரைவிங் ஸ்கூலில் சொன்னது ஞாபகம் வந்தது. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன்.

தூறல். மரங்களுக்கிடையே பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. முதல் வேலையாக பானட்டைத் திறக்க வேண்டும். எப்படித் திறப்பது? வெளியே விரலைவிட்டுத் தடவிப் பார்த்தேன். திறக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங்குக்குக் கீழே குனிந்து தேடினேன். கால்மாட்டில் ஒரு சின்ன லீவர் தட்டுப்பட்டது. இழுத்ததும் 'டக்' என்று முன்பக்கம் சத்தம் கேட்டது. பன்னிரண்டு வருடப் பழைய கார். அதன் பானட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திறக்கிறேன்.

அப்போது மேலேயிருந்து பஸ் ஒன்று இறங்கி வந்தது. டிரைவர் என்னைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார்.

"என்னங்க சார், ஹீட் ஆயிருச்சா?"

"இல்லீங்க. ஆயில் லைட் எரிஞ்சது."

"ஊத்திட்டு எடுங்க. டயருக்குக் கல்லு வெச்சீங்களா? ஏத்தத்துல நிறுத்தியிருக்கீங்க பாருங்க."

நான் ஓடிப்போய் ஒரு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பஸ்ஸின் சத்தம் வளைவு வளைவாகக் கீழே போய்க் கரைகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

டிக்கியில் எல்லாம் இருந்தது. அவள் அப்படித்தான் வைத்திருப்பாள். ஆயில் டப்பா ஒன்று, அதில் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் மீதி. தண்ணீர் பாட்டிலை அரையாக வெட்டிச் செய்த புனல். அந்தச் சேலைத் துணி. இன்ஜினுக்குப் பக்கத்தில் மஞ்சள் வளையம் போட்ட கம்பியைக் கண்டுபிடித்து உருவினேன். அவள் செய்தது போலவே துடைத்து, செருகி, உருவினேன். கம்பியின் அடியில் இரண்டு கோடுகள் இருந்தன. ஆயில் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. நுனியில் கொஞ்சம் கறுப்பாக ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

மூடியைத் திருகித் திறந்து ஊற்றினேன். கொஞ்சம் ஊற்றிவிட்டு உடனே கம்பியைப் பார்த்தேன். ஏறவில்லை. இன்னும் ஊற்றினேன். உடனே பார்த்தேன். அப்போதும் கீழ்க்கோட்டுக்கிட்டேதான் நின்றது. நிறையக் குறைந்துபோயிருக்கிறது என்று நினைத்து டப்பாவைக் கவிழ்த்து மொத்தத்தையும் ஊற்றிவிட்டேன். மூடியை இறுக்கினேன். காரைக் கிளப்பினால் விளக்கு எரியவில்லை. வளைவில் திருப்பினேன், அப்போதும் எரியவில்லை.

எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொன்னால், இந்த ஒன்பது மாதத்தில் சந்தோஷம் என்று சொல்லக்கூடிய ஒன்று அப்போதுதான் வந்தது. பக்கத்து சீட்டைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

மேலே போகப் போகக் கருகல் வாடை வந்தது. ஏதோ காட்டில் எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் நீலமாகப் புகை. சுகாதார நிலையத்து வாசலில் போய் நிறுத்தும்போது அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

புது நர்ஸ் வெளியே வந்தார். முப்பது வயதிருக்கும். "என்னங்க சார் இவ்ளோ பொகை?" என்றார். அவள் போனை எடுத்தேன். எண்களைத் தள்ளிக்கொண்டே போனதில் 'கார் மெக்கானிக் அரூர்' என்று ஒன்று இருந்தது. அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க சிஸ்டர்! எத்தன நாளாச்சு, ஆளையே காணமே?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசல் ஓரமாக நகர்ந்தேன்.

"சிஸ்டர்? கேக்குதுங்களா? டவர் இல்லையா?"

"நான் சிஸ்டர் இல்லீங்க. அவங்க வூட்டுக்காரர் பேசறேன்."

"சார், வணக்கம் சார். சிஸ்டர் நல்லாருக்காங்களா?"

"அவங்க இல்லீங்க. தவறி ஒம்போது மாசம் ஆச்சு."

அந்தப் பக்கம் இரும்பைத் தட்டுகிற சத்தம் நின்றது.

"எனக்கு யாருமே சொல்லலீங்களே சார்" என்றார் பிறகு. "தெரிஞ்சிருந்தா வந்திருப்பேனுங்களே."

யார் யாருக்கோ சொன்னோம். அவளோடு படித்தவர்களைத் தேடிப் பிடித்துச் சொன்னோம். மெக்கானிக்குக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், "அய்யோ, நீங்க எதுக்குங்க சார்" என்றார். அப்புறம் குரலைச் செருமிக்கொண்டு, "இப்ப வண்டிக்கு என்னங்க? எங்க நிக்குது?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"எங்க வெச்சு ஆயில் பாத்தீங்க?"

"ரோட்டோரம். ஏத்தத்துல."

"வண்டிய நிறுத்தி எவ்ளோ நேரம் கழிச்சுப் பாத்தீங்க?"

"பானட் தொறக்கத் தெரியல. ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"ஊத்திட்டு எவ்ளோ நேரம் கழிச்சு மறுபடி பாத்தீங்க?"

"ஒடனே பாத்தேங்க."

"சரிதான்" என்றார். திட்டவில்லை. "ஏத்தத்துல வெச்சுப் பாத்தா தப்பாத்தான் காட்டும் சார். மூஞ்சி மேல தூக்கியிருந்தா ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிடும். அதுவுமில்லாம நீங்க ஊத்தினது மேல இருந்து அடி வரைக்கும் எறங்கணுமில்ல? குளுருல மெதுவாத்தான் எறங்கும். கொறஞ்சது ஒரு லிட்டருக்கு மேல இருக்கும்னு வெச்சாலும் நீங்க ரெண்டு ஊத்திட்டீங்க. கூடிப்போச்சு. கொறஞ்சாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். உள்ள நொரை கட்டிரும், இன்ஜின் பூரா ஏறிரும். அதான் பொகை. ஸ்டார்ட் பண்ணாதீங்க. மொதல்ல சமமான எடமாப் பாத்துத் தள்ளி நிறுத்துங்க."

வாசலில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் சிமெண்ட் போட்ட இடம் சமமாக இருந்தது. நானும் நர்சும், வைத்தியத்துக்கு வந்திருந்த இரண்டு பேருமாகத் தள்ளி நிறுத்தினோம். இருபது நிமிஷம் காத்திருக்கச் சொல்லியிருந்தார் மெக்கானிக். காத்திருந்தோம். கம்பியை உருவித் துடைத்து, முழுக்க அடிவரை செருகி, மறுபடி உருவினேன். மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடைக்கு ஆயில் ஏறியிருந்தது.

மறுபடி போன் செய்தேன்.

"எடுக்கணும் சார். அடியில நட்டக் கழட்டி விடலாம், ஆனா உங்ககிட்ட ஸ்பேனர் இருக்காது. மலையில வேற யாரும் கெடைக்க மாட்டாங்க" என்று யோசித்தவர், "ஆஸ்பத்திரிலதான இருக்கீங்க? பெரிய ஊசி இருக்குமே. அதுல மெல்லிசா, நீளமா ஒரு டியூப் மாட்டி, அந்தக் கம்பி போற ஓட்டை வழியா அடிவரைக்கும் விட்டு உறிஞ்சி எடுங்க" என்றார்.

நர்ஸ் சிரித்துவிட்டார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே போய் ஐம்பது மில்லி ஊசி ஒன்றும், சாப்பிட முடியாதவர்களுக்கு மூக்கு வழியாகக் கஞ்சி செலுத்துகிற குழாய் ஒன்றும் கொண்டுவந்தார். "இது தேதி முடிஞ்சு ஒதுக்கி வெச்சதுங்க. எடுத்துக்கங்க" என்றார். குழாயை ஊசியோடு பொருத்தி, அதை உள்ளே விடுவதையும் அவரே செய்தார். மனிதர்களுக்குச் செய்து பழகிய கை. இது எனக்கு வராது என்று நினைத்தாரோ என்னவோ, "மெதுவா இழுங்க சார், காத்து போகாமப் பாத்துக்கங்க" என்று எனக்குச் சொல்லித்தந்துவிட்டு நோயாளிகளைப் பார்க்கப் போனார்.

நான் உறிஞ்சினேன். ஆயில் கனமாக, அவசரமேயில்லாமல் ஏறியது. ஒரு ஊசி நிறைய இரண்டு நிமிஷம். காலி டப்பாவில் பீய்ச்சிவிட்டு மறுபடி. நாலைந்து தடவைக்கு ஒரு முறை கம்பியைப் பார்க்க வேண்டும். கையெல்லாம் வழுக்கியது. வயதான ஒரு மலைக்காரப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நர்சம்மா வூட்டுக்காரருங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"அந்தம்மாவும் இங்கதான் வண்டிய நிறுத்தும்."

கடைசிவரை அங்கேயே நின்றார். பதினாலு ஊசி எடுத்தபிறகு ஆயில் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. பத்து நிமிஷம் விட்டு மறுபடி பார்த்தேன். அதே இடம். மெக்கானிக்கிடம் சொன்னேன். "போதும் சார். ரெண்டு கோட்டுக்கு நடுவுல, மேல்கோட்டுப் பக்கமா இருந்தா நல்லது. இனிமே ஊத்தறப்ப கால் லிட்டர் ஊத்துங்க, பொறுங்க, பாருங்க, அப்புறம் ஊத்துங்க. இறங்கறப்ப செகண்ட் கியர்லயே மெதுவா வாங்க. நேரா கடைக்கு வாங்க" என்றார்.

அவள் சாவிக்கொத்தில் இருந்த சாவியால் பீரோவைத் திறந்தேன். ஒரு கம்பளிச் சட்டை, குடை, ரப்பர் செருப்பு, எவர்சில்வர் டம்ளர், பாதி தீர்ந்த பவுடர் டப்பா, ஒரு மூக்குக்கண்ணாடி. வீட்டில் இருந்ததைத் தவிர இன்னொரு கண்ணாடி அவளுக்கு இருந்தது எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரு கட்டைப் பையில் வைத்துக் கொடுத்தார் நர்ஸ். கம்பளிச் சட்டையை மடித்து மேலே வைத்தார். "சிஸ்டர் பத்தி இங்க பேசாத நாளே இல்லீங்க" என்றார். நான் கையைக் கழுவப் போனேன். சோப்பு போட்டுத் தேய்த்தும் விரல் இடுக்கில் கறுப்பு போகவில்லை.

திரும்பக் கிளப்பியபோது கொஞ்ச தூரம் புகை வந்தது. பிறகு குறைந்து நின்றது. மெக்கானிக் கடைக்குப் போய்ச் சேர மணி நாலு. அவர் தனியாளாகத்தான் கடை நடத்துகிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும். காரைப் பார்த்ததும் என்னை வரவேற்பதற்கு முன்னால் அதன் கூரைமேல் ஒரு நிமிஷம் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பானட்டைத் திறந்து, கம்பியைப் பார்த்து, ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"நல்லவேளை, கெடல சார். ஆனா நொரை கட்டினது, அழுக்கும் ஏறிருக்குது. திங்கக்கெழம விடுங்க, மொத்தமா எடுத்துட்டுப் புதுசா ஊத்திரலாம். பழைய வண்டி சார், ஆயில் குடிக்கும். சிஸ்டர் மாசத்துக்குக் கொஞ்சம் ஊத்திட்டே இருப்பாங்க. நீங்க ஒம்போது மாசமா ஊத்தல."

டீ வாங்கி வந்தார். இரண்டு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்து குடித்தோம்.

"அந்த வளைவுல நீங்க நின்னேன்னு சொன்னீங்களே" என்றார், "சிஸ்டரும் அங்க நின்னிருக்காங்க சார். ஒரு தடவ பெல்ட் அறுந்து, ஒரு தடவ ரேடியேட்டர் ஒழுகி. நான் பைக்ல போய்ப் பாத்திருக்கேன். ஒருநாள் நல்ல மழை. நான் போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆயிருச்சு. தனியா குடையப் புடிச்சிட்டு வண்டிக்கு வெளியில நிக்கறாங்க. ஏன் சிஸ்டர், உள்ள உக்காரலாமேன்னேன். உள்ள உக்காந்தா பயமாருக்குதுப்பான்னாங்க."

"எங்கிட்டச் சொன்னதில்லையே" என்றேன்.

"நீங்க பயந்துக்குவீங்க, அப்புறம் வண்டிய விக்கச் சொல்லிருவீங்கன்னு சொல்ல மாட்டாங்க சார்."

அவள் நேரங்கழித்து வந்த நாட்கள் எனக்கு நினைவிருந்தன. "பிரசவக் கேஸுங்க" என்பாள். சேலை நனைந்திருக்கும். நான் காய்ச்சி வைத்த பால் ஆறியிருக்கும், அதைச் சூடு பண்ணிக் கொடுத்துவிட்டு, சீக்கிரம் வந்தால் என்ன என்று ஒரு தடவை முகம் சுளித்திருக்கிறேன். அவள் அதை வாங்கிக் குடித்தாள். மலையில், மழையில், இரண்டு மணி நேரம் நின்று வந்தவள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள நான் என்ன கேட்டேன்? வேலை எப்படி இருந்தது என்றுகூட அன்று கேட்டதாக ஞாபகம் இல்லை.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். பாதி டீ அதில் மிச்சம் இருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி ஏதோ ஒரு ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். அப்படித் திரும்பிக்கொண்டதற்கு அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காரை அவரிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் தருமபுரி போனேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் என் நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பார்த்து ஒருவர் என்னவென்று கேட்டார். மலைமேல் ஆயிலை அதிகமாக ஊற்றியதையும், கஞ்சி செலுத்துகிற குழாயை வைத்து காரிலிருந்து பதினாலு ஊசி உறிஞ்சி எடுத்ததையும் சொன்னேன். நடித்துக் காட்டினேன் என்றே சொல்லலாம். எல்லோரும் சாப்பாட்டை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "சார் இவ்ளோ பேசி இப்பத்தான் பாக்கறேன்" என்றார் ஒரு அம்மா. நானும் சிரித்தேன். மழையில் குடையோடு ஒருத்தி வண்டிக்கு வெளியே நின்றதைச் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு அதை எங்கே சேர்த்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. டிபன் பாக்ஸை மூடிக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.